பட்டப்படிப்பில் பிறநாட்டு மொழி

கல்லூரியிற் சேர விண்ணப்பிக்கும் மாணவன் நிரப்ப வேண்டிய கட்டங்களுள் ஒன்றைப் பெரும்பாலோர் நொடியில் நிரப்பிவிட்டு அடுத்ததற்குச் செல்கின்றனர். 'பகுதி ஒன்று: மொழி' என்பது அக்கட்டம். நம் மாநிலத்துக் கலை, அறிவியற் கல்லூரிகளில் பட்டப்படிப்புப் பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதற்பகுதி தமிழ், அல்லது வேறொரு மொழி; இரண்டாம் பகுதி ஆங்கிலம்; மூன்றாம் பகுதி மாணவன் விரும்பித் தேர்ந்த பாடம். 'வேறொரு மொழி' என்ற இடத்தில் சில கல்லூரிகளில் இந்தி உண்டு, வடமொழி உண்டு, அரபு உண்டு, பிரெஞ்சு உண்டு. பிறநாட்டு மொழிக் கல்வி நம் பல்கலைக்கழகங்களுக்குள் நுழையும் வாயில் பெரும்பாலும் இந்தச் சிறு கட்டந்தான். அவ்வாயிலின் வழியே உண்மையில் நுழைவது யாது, வாயிலிலேயே நின்றுவிடுவது யாது என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

விக்கிரமசிங்கபுரத்துக்காரனாகிய எனக்கு, இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கப் புகும்போது, முதலில் நினைவுக்கு வருபவர் எங்களூரிற் பிறந்த சிவஞான முனிவர். இளம்பருவத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து, தமிழையும் வடமொழியையும் ஒருங்கே கற்று, 1785-இல் மறைந்தவர் அவர். சிவஞான மாபாடியம் இயற்றிய சைவப் பேரறிஞராகவே பலரும் அவரை அறிவர். மொழி கற்கும் மாணவனுக்கு அவர் வேறொரு வகையில் வேண்டியவர். வடமொழி நமக்குப் பிறநாட்டு மொழி அன்று. ஆயினும் தாய்மொழிக்குப் புறம்பான இன்னொரு மொழியை முற்றக் கற்றால் ஒருவனுக்கு என்ன விளையும் என்பதற்கு முனிவரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

அவர் காலத்துப் புலவர் சிலர் வடமொழி இலக்கணத்துக்கும் தமிழ் இலக்கணத்துக்கும் வேற்றுமை இல்லை, இரண்டும் ஒன்றே என்று கருதி வந்தனர். முனிவர் அதனை ஏற்கவில்லை. தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தியில், வடமொழியிற் காணப்படாமல் தமிழுக்கே உரியனவாக உள்ளவற்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். உயர்திணை அஃறிணை என்னும் பாகுபாடு, குறிப்புவினை, வினைத்தொகை, அகம் புறம் என்னும் பொருட்பகுப்பு முதலியன அவற்றுட் சில. இவற்றை அவர் எங்ஙனம் கண்டார்? தமிழை மட்டும் கற்றவர்க்கு உயர்திணை அஃறிணை என்பது காற்றைப் போன்றது; எங்கும் இருப்பதால் கண்ணுக்குப் புலனாகாது. வடமொழியில் அஃது இல்லை என்று கண்டவரே தமிழில் அஃது உண்டு என்பதை உணர்ந்தார். அவர் வடமொழியைப் புறக்கணித்தவரும் அல்லர். தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கித் தந்தவர் அவரே. எதிர்த்து வாதிட்டதற்கும் எடுத்துக் கொணர்ந்ததற்கும் இரு மொழிப் புலமையே கருவியாயிற்று.

எங்களூரை அடுத்த பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி புன்னைக்காயலின் அருகே கடலோடு கலக்கிறது. ஆற்றின் தலைப்பில் முனிவர் பிறந்தார். அவருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆற்றின் முகத்துவாரத்தில் மற்றொருவர் மொழிப்பாடம் படித்துக்கொண்டிருந்தார். அவர் போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்த அன்றீக்கு அடிகளார் என்னும் என்ரீக்கே என்ரீக்கசு. 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவருக்குத் தமிழிலக்கணத்தைப் போர்த்துக்கேய மொழியிற் சொல்லும் நூல் ஒன்றும் கிடைக்கவில்லை, அகராதியும் இல்லை. தாம் அறிந்த லத்தீன் இலக்கணத்தை அச்சாக வைத்துக்கொண்டு, பரதவர் பேசக் கேட்ட தமிழை அவ்வச்சில் வார்த்துத் தாமே ஓர் இலக்கணம் எழுதிக்கொண்டார். 'மலபார் மொழியின் கலை' என்று அதற்குப் பெயர்; போர்த்துக்கேயர் அன்று தமிழை அப்படித்தான் அழைத்தனர். கையெழுத்துப் படியாகவே லிஸ்பனில் நெடுங்காலம் கிடந்த அந்நூலை, தமிழறிஞர் வி. எஸ். இராசம் அவர்களும் ஜீன் ஹைன் என்பவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-இல் வெளியிட்டனர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கடற்கரைத் தமிழர் உண்மையில் எப்படிப் பேசினர் என்பதற்கு இதுபோன்ற சான்று அரிது. நம் பண்டிதர்கள் பேச்சுமொழியை எழுதி வைக்கும் வழக்கம் உடையவர் அல்லர். அதனை எழுதி வைத்தவர் ஒரு மாணவர், வேற்றுமொழி மாணவர். அவர் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது அதுவே, பதினாறே பக்கம்.

அவ்வுறவின் எச்சம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், அன்னாசி, பாதிரி ஆகிய யாவும் போர்த்துக்கேயச் சொற்களின் வழிவந்தவை. ஆற்றுமுகத்துக்குச் சிறிது தெற்கே காயல்பட்டினம். அங்கு அரபுக் கல்வி பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வருகிறது; தமிழையே அரபு எழுத்தில் எழுதும் வழக்கமும் அங்குத் தழைத்தது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா என்னும் அரபுப் பேரறிஞர் அவ்வூரினர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு வேண்டிய அரபு நூற்செய்திகளை உரைத்து உதவியவர் அவரே என்பது வழிவழிச் செய்தி. பல்கலைக்கழகமும் பட்டமும் இல்லாத காலத்தில், ஒருவர் கற்ற அரபு மற்றொருவர் பாடிய தமிழ்க் காப்பியமாயிற்று.

பல்கலைக்கழக வகுப்பறையில் விதைத்தது நெல்லைச் சீமையில் விளைந்த கதையும் உண்டு. கால்டுவெல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அங்குக் கிரேக்கப் பேராசிரியராக இருந்த டேனியல் சாண்ட்போர்டின் விரிவுரைகளைக் கேட்டு மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் துறையில் நாட்டங்கொண்டார். 1841-இல் இடையன்குடிக்கு வந்து தேரிக்காட்டு மணலிடையே குடியேறிய பின்னரும் அந்த நாட்டம் அவரை விட்டு நீங்கவில்லை. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. இம்மொழிகள் ஒரு குடும்பம் என்பதை 1816-இலேயே சென்னையில் எல்லிஸ் துரை சொல்லியிருந்தார் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் அதனை விரித்து நிறுவியவர் கால்டுவெல். சாயர்புரத்தில் ஜி. யு. போப் நடத்திய கல்விச்சாலையில் நம் ஊர்ப் பிள்ளைகள் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்றனர். அந்தப் போப்பே பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். அங்கே தமிழ் பிறநாட்டு மொழி என்பதை நம் மாணவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். நாம் பிரெஞ்சைக் கண்டு மலைப்பது போலவே அங்குள்ள இளைஞர் நம் ழகரத்தையும் றகரத்தையும் கண்டு மலைத்திருப்பர்.

இவ்வளவும் வெளிநாட்டார் செய்தி என்று நீங்கள் கருதலாம். நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இற் பிறந்த தனிநாயகம் அடிகள், உரோமாபுரியிற் சமயக்கல்வி பயின்றவர். லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம் முதலிய மொழிகளில் வல்லவர். 1940-இல் நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக அமர்ந்தார். அத்தனை மொழி அறிந்த அவருக்கு அன்று குறைவாகத் தெரிந்த மொழி தமிழே. அவர் அக்குறையைப் போக்கிக்கொள்ள முடிவு செய்தார். வடக்கன்குளத்திற் பண்டிதரிடம் தமிழ் பயின்றார். பின்னர் முப்பது வயதைக் கடந்த நிலையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களோடு ஒரே விசுப்பலகையில் அமர்ந்து தமிழில் பட்டம் பெற்றார்.

இவ்விரு கல்வியும் ஓரிடத்திற் கூடியதனால் விளைந்த பயனைப் பாருங்கள். 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் வினாவிடை நூல் ஒன்று உண்டு; உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்ட தமிழ் அது. அதனை அவர் போர்ச்சுகலில் நேரிற் கண்டு தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். 1679-இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி வாத்திக்கன் நூலகத்தில் இருந்தது; அதனைப் படியெடுத்து 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதும், 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிற் கூடியதும் அவர் முயற்சியால். பிரான்சு, செக்கோஸ்லோவாக்கியா முதலிய நாட்டு அறிஞரை ஓரிடத்திற் கூட்டுவதற்கு அவரவர் மொழியில் அவரவரோடு பேசவல்ல ஒருவர் வேண்டியிருந்தது. தமிழ் மட்டும் அறிந்த பெரும்புலவர் அந்நூலகங்களுக்குச் சென்றிருந்தால் நூற்பட்டியலைக்கூடப் படித்திருக்க முடியாது. போர்த்துக்கேயம் மட்டும் அறிந்தவர்க்கோ அந்த ஏடுகளின் அருமை தெரிந்திராது.

இனி நம் கல்லூரிக் கட்டத்திற்கு வருவோம்.

நம் மாநில அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. ஆகவே அரசுப் பள்ளியிற் பயின்ற பெரும்பாலான மாணவர்க்குப் பிறநாட்டு மொழி என்று ஒன்று கிடைக்குமாயின், அது கல்லூரியிலேதான். நகரத்துத் தனியார் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சு எடுக்கும் வழக்கம் பரவியிருந்தது. அதனால் தமிழெழுத்து அறியாமலே தமிழ்நாட்டிற் பள்ளிப்படிப்பை முடிப்போர் பெருகவே, 2006-இல் தமிழ் கற்கும் சட்டம் வந்தது. அவ்வாண்டு முதல் வகுப்பிற் தொடங்கிய அச்சட்டம் ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்பை எட்டியது. கல்லூரிக்கு அச்சட்டம் இல்லை. பள்ளியில் தமிழ் பயிலாமல் பகுதி ஒன்றில் வேறு மொழி எடுப்போர் 'அடிப்படைத் தமிழ்' என்னும் சிறுதாளை நான்காம் பகுதியில் எழுதினாற் போதும்.

பிரெஞ்சை விரும்பிப் படிப்பவரை நான் குறை கூறவில்லை. பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் பிரெஞ்சு பயின்றவர். அங்கிருந்து மீண்டு எங்களூருக்கு அண்மையிலுள்ள கடையத்தில் வந்து தங்கியவர். பிரெஞ்சு அவர் தமிழுக்கு ஊறு செய்ததாக யாரும் சொன்னதில்லை. நான் வருந்துவது வேறொன்றற்கு. பகுதி ஒன்றில் தமிழ் எடுத்த மாணவன் சங்கப் பாடலும் காப்பியமும் இலக்கணமும் எழுத வேண்டும். பிரெஞ்சு எடுத்தவன் 'என் பெயர் இன்னது. என் வீடு இங்குளது' என்று தொடங்கும் தொடக்கப்பாடத்தை எழுதுகிறான். இரண்டுக்கும் மதிப்பெண் நூறுதான். கணக்கறிந்த மாணவன் எதைத் தேர்வான் என்று சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண்ணுக்காகவே எடுக்கப்பட்ட மொழி மதிப்பெண் வந்ததும் மறக்கப்படுகிறது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பெருநகரத்துக் கல்லூரி ஒன்றிற் சேர்ந்து பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்தார். நான்கு பருவத்திலும் தொண்ணூற்றுக்குக் குறையாத மதிப்பெண். சில ஆண்டுகளுக்குப் பின், அவர் பணியாற்றிய நிறுவனத்துக்குப் பிரான்சிலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தபோது, காலை வணக்கம் சொல்லிய பின் இவருக்கு வாய் திறக்கவில்லை. 'ஐயா, வினைத்திரிபு வாய்பாடெல்லாம் எனக்கு இன்றும் தலைகீழாகத் தெரியும். யாரும் என்னோடு அந்த மொழியில் ஒரு சொல் பேசியதில்லை' என்றார். தேர்வு முழுவதும் எழுத்துத் தேர்வு. ஆசிரியர் மீதும் குற்றமில்லை. அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் ஒரு மணித்துளி பேசவைத்தாலும் பாடவேளை முடிந்துவிடும்.

இதிலே ஒரு கணக்கும் இருக்கிறது; கணக்காசிரியர்கள் பொறுத்தருள்க. வாரத்துக்கு ஆறு பாடவேளை என்று கொள்வோம். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள், அதாவது 15 வாரம். நான்கு பருவத்துக்கு 360 பாடவேளை. ஒரு பாடவேளையை ஒரு மணி என்றே தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க அரசு தன் தூதுவர்களுக்கு மொழி கற்பிக்கும் பயிற்சிக்கழகம் ஒன்றை நடத்துகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் பணிக்குப் போதுமான அளவு பிரெஞ்சோ ஸ்பானியமோ கற்க ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி வேண்டும் என்பது அதன் அனுபவக் கணக்கு. ஜப்பானியம், சீனம், கொரியம், அரபு ஆகியவற்றுக்கு 2200 மணி. நம் தமிழுக்கு 1100 என்று வைத்திருக்கிறார்கள். பெருமைப்படுவதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சிறு சிறு குழுவாக நாள் முழுதும் படிப்பவர்கள், வேலையே அதுதான். அப்படிப்பட்டவர்க்கே 600 மணி வேண்டுமென்றால், நம் 360 மணி பிரெஞ்சில் பாதி வழியை ஒட்டி விட்டுவிடும். ஜப்பானியத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் காணாது. ஆகையால் பட்டப்படிப்பில் ஒரு மொழியைத் தொட்டோம் என்பதைக் கற்றோம் என்று கொள்ளுதல் தகாது. நான்கு பருவத்தோடு நிறுத்தாமல் ஆறு பருவமும் தொடர்வதற்குப் பல்கலைக்கழகங்கள் வழிசெய்ய வேண்டும். தமிழை விலக்கி அவ்விடத்தில் அமர்த்தாமல், தமிழோடு கூடுதலாக வைக்க வேண்டும். பேச்சுத் தேர்வுக்கு எழுத்துத் தேர்வுக்குச் சமமான மதிப்பெண் வேண்டும். இம்மூன்றும் செய்தால் மதிப்பெண்ணை மட்டும் நாடுவோர் தாமே விலகிவிடுவர். மொழியை நாடுவோர் நிற்பர்.

நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. பிறநாட்டு மொழிகளை நாம் ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கிறோம். பாடநூலின் விளக்கம் ஆங்கிலத்தில். ஆசிரியர் பொருள் சொல்வதும் ஆங்கிலத்தில். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவன் ஆங்கிலமாகிய ஒரு மலையைக் கடந்து, அதன் பின்னர் ஜெர்மனாகிய மற்றொரு மலையைக் கடக்க வேண்டியிருக்கிறது. மலையைக் கடப்பதற்கு அவனிடமே நேர்வழி இருக்கிறது என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

எங்கள் பகுதியிற் பீடி சுற்றும் குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்துப் பெண்ணொருத்தி செவிலியர் பட்டம் பெற்று, ஜெர்மனி செல்வதற்காக அம்மொழி பயின்றாள். அந்நாட்டில் செவிலியராகப் பதிவு பெறுவதற்குப் பெரும்பாலும் 'பி2' என்னும் நிலைத் தேர்ச்சி கேட்கிறார்கள். ஐரோப்பியர் மொழித்தேர்ச்சியை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாக வகுத்திருப்பதில் அது நான்காம் படி. ஒருநாள் வேற்றுமை உருபு விளங்கவில்லை என்று என்னிடம் வந்தாள். எனக்கு ஜெர்மன் தெரியாது, வேற்றுமை தெரியும். அவள் நூலைப் புரட்டி எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் காட்டினாள். 'எனக்குக் குளிர்கிறது' என்பதை ஜெர்மானியர் 'மிர் இஸ்ட் கால்ட்' என்கிறார்கள். 'மிர்' என்றால் 'எனக்கு'. ஆங்கிலேயன் 'நான் குளிராக இருக்கிறேன்' என்பது போலச் சொல்வான். ஜெர்மானியனோ நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையிற் சொல்கிறான். 'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கும் அப்படியே: 'எஸ் கெஃபெல்ட் மிர்'. அவளுடைய நூல் இதனை ஆங்கிலத்துக்கு மாறான விந்தை என்று பெட்டிகட்டி விளக்கியிருந்தது. 'இதிலே விந்தை என்ன தாயீ, நீ வீட்டில் பேசுவதுதானே' என்றேன். சிறிது நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆங்கில விளக்கத்தைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 'நான்காம் வேற்றுமை' என்று எழுதிக்கொண்டாள். வேற்றுமை நம்மிடம் எட்டு; அவர்களிடம் நான்கு. எட்டைக் கட்டியாளத் தெரிந்தவர்க்கு நான்கு பெரிதன்று.

பால் வகுப்பில் மட்டும் அவளுக்குத் துன்பம் நீங்கவில்லை. ஜெர்மனில் ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால்; சிறுமி என்னும் சொல்லோ இரண்டுமற்ற பால். பிரெஞ்சில் ஞாயிறு ஆண், திங்கள் பெண். எங்களூர் முனிவரின் விருத்தி இங்கேதான் பயன்படுகிறது. தமிழிற் பால் பொருளைச் சார்ந்தது. பகுத்தறிவு உண்டா இல்லையா என்று பார்த்துத் திணை வகுக்கிறோம். அம்மொழிகளிற் பால் சொல்லைச் சார்ந்தது. இவ்வொன்றைத் தமிழில் தெளிவாக உணர்த்திவிட்டால், 'ஏன்' என்று கேட்டு மாணவர் மயங்கமாட்டார். மனப்பாடம் செய்ய வேண்டிய இடம் இது என்று அறிந்து மனப்பாடம் செய்வார்.

ஜப்பானியத்தை எடுத்துக்கொண்டால் நமக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். 'நான் நேற்றுச் சந்தையில் மாம்பழத்தை வாங்கினேன்' என்பது அம்மொழியில் 'வாதாஷி வா கினோ இச்சிபா தே மாங்கோ ஓ கத்தா' என்று வரும். 'இச்சிபா தே' சந்தையில், 'மாங்கோ ஓ' மாம்பழத்தை, 'கத்தா' வாங்கினேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, பெயரின் பின்னே உருபு, இறுதியில் வினை. நம் வினையில் வரும் 'ஏன்' என்னும் விகுதி மட்டும் அங்கில்லை. வாங்கியவர் யார் என்பதை இடம்நோக்கி அறிந்துகொள்ள வேண்டும். ஓனோ சுசுமு என்னும் ஜப்பானிய அறிஞர் இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு இரு மொழிக்கும் உறவுண்டு என்றே நூல்கள் எழுதினார். மொழியியலாரிற் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை, ஏற்கத் தேவையுமில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது உண்மை. ஆங்கிலேயனுக்கு 2200 மணி என்ற கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது என்பது என் துணிபு. எழுத்துத்தான் கடினம், அதில் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. பத்திரிகை படிக்க ஈராயிரம் அளவில் சித்திர எழுத்து வேண்டும்.

பிரெஞ்சில் 'நீ' என்பதற்கு ஒரு சொல்லும் 'நீங்கள்' என்பதற்கு ஒரு சொல்லும் உண்டு. யாரிடம் எதைச் சொல்வது என்று ஆங்கிலப் பாடநூல்கள் பக்கக்கணக்கில் அறிவுரை கூறும். நம் நெல்லைப் பிள்ளைகளுக்கு அந்த அறிவுரை எதற்கு? 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படியை நாவிலே வைத்திருப்பவர்கள் அவர்கள். மைத்துனரை 'நீர்' என்றும் பெரியப்பாவை 'நீங்கள்' என்றும் சொல்ல யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. பிரெஞ்சுக்காரர் தொண்ணூற்றொன்பதை 'நாலிருபது பத்தொன்பது' என்று எண்ணுவதைக் கேட்டு நகைக்கிறவர்கள், நம் 'தொண்ணூறு' எப்படி வந்தது என்று ஒரு கணம் எண்ணட்டும்.

இங்ஙனம் தமிழ்வழி பிறநாட்டு மொழி கற்பிக்கும் நல்ல பாடநூல் நமக்கு வேண்டும். என்ரீக்கசு அடிகளார் லத்தீன் இலக்கணத்தை வைத்துத் தமிழை அளந்தார். நாம் தொல்காப்பியத்தையும் நன்னூலையும் வைத்து ஜெர்மனையும் ஜப்பானியத்தையும் அளந்து எழுதலாம். அதற்கு அம்மொழியும் தமிழும் ஒருங்கறிந்த ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியர் இன்று உங்களிடையே மாணவராக இருக்கக்கூடும்.

இவ்வாண்டு கல்லூரியிற் சேரப்போகிறவர்களுக்குச் சில சொற்கள். பாபநாசத்திலே திருவள்ளுவர் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் பழம்பெருங் கல்லூரிகள் இருக்கின்றன. நீங்கள் சேரும் கல்லூரியில் நீங்கள் விரும்பும் மொழி இல்லாமற் போகலாம். அதற்காகத் தமிழை விட்டுவிட்டு எட்டாத ஊருக்கு ஓட வேண்டா. பகுதி ஒன்றில் தமிழை நன்றாகப் படியுங்கள், இலக்கணத்தை விட்டுவிடாதீர்கள், பிற மொழிக்கு அதுவே திறவுகோல். பிறநாட்டு மொழியைத் தனியே தொடங்குங்கள். ஜெர்மன் மொழியை முதற்படியிலிருந்து கற்பிக்கும் பாடங்களை அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமாகிய டாய்ச்சே வெல்லே இணையத்தில் விலையின்றி வழங்குகிறது. பிரெஞ்சுக்கு அந்நாட்டு வானொலியின் எளிய பாடங்கள் உள்ளன. ஜப்பானிய மொழித்தேர்வு ஐந்து நிலைகளாகச் சென்னையிலேயே நடைபெறுகிறது, தொடக்கநிலை என்5.

ஒரு மொழியை மட்டும் எடுங்கள். இரண்டை ஒருசேரத் தொட்டவர்கள் இரண்டையும் விட்டதைப் பார்த்திருக்கிறேன். எதை எடுப்பது என்பதை, அம்மொழியில் நீங்கள் படிக்க விரும்பும் நூல் யாது, செய்ய விரும்பும் தொழில் யாது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்ததைப் பார்த்து அன்று. நாளுக்கு ஒரு மணி என்றால் மூன்றாண்டில் ஆயிரம் மணி. அதிற் பாதி நேரமேனும் வாய்விட்டுப் பேசுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால் ஆற்றங்கரையில் தனியே நடந்து பேசுங்கள். பாபநாசத்துப் படித்துறையில் ஒருவர் தமக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தால் மந்திரம் சொல்கிறார் என்றே எல்லோரும் நினைப்பர். கல்லூரியில் அம்மொழி இருக்குமாயின், சேருமுன் அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி, வகுப்பில் எத்தனை பேர், பேச்சுத் தேர்வு உண்டா.